கயாக் தோணி: தெரிவும் காப்பும்

நீரிற் செல்லும் ஊர்திகள் பலவற்றுள்ளும், செலுத்துவோனுடைய உடலோடு மிக நெருங்கிய உறவுடையது கயாக் என்னும் சிறு தோணியே ஆகும். கால்கள் மேல்தட்டின்கீழ் நீண்டு கிடப்ப, முழங்கால்கள் இருபுறமும் உட்சுவரிற் பொருந்தி நிற்ப, ஒருவன் அதனுள் அமர்வான். அவன் இடுப்பு அசைந்தால் தோணியும் அசையும். இவ்வியல்பினால் அது கற்றவர்க்கு விரைவில் இன்பமும், கல்லாதவர்க்கு அதனினும் விரைவில் இடரும் தருவதாயிற்று. ஏரிகளிலும் கழிமுகங்களிலும் விடுமுறை நாட்களில் இதனை வாடகைக்கு எடுத்துச் செலுத்தும் வழக்கம் இப்பொழுது நம் நாட்டிலும் பரவி வருகின்றது. ஆதலின், இத்தோணியின் வகைகள் யாவை, பொழுதுபோக்கின்பொருட்டுச் செல்வோர் அவற்றுள் எதனைத் தெரிந்துகொள்ளுதல் நன்று, நீரில் உயிர்க்கு ஊறு நேராமற் காக்கும் வழிகள் எவை என்பவற்றை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

கயாக் என்பது வடதுருவத்தை அடுத்த நாடுகளில் வாழும் இனூயிட் மக்கள் தம் தோணிக்கு இட்ட பெயராகும். மரம் வளராத அந்நாடுகளில், கடல் கொண்டுவந்து கரையில் ஒதுக்கும் கட்டைகளையும் எலும்புகளையும் சட்டமாகப் பிணித்து, அதன்மேற் கடல்நாயின் தோலை இழுத்துத் தைத்து அவர்கள் இதனைச் செய்தனர். ஒவ்வொரு வேடனுடைய தோணிக்கும் அவன் உடலே அளவுகோல். ஆகையால் ஒருவனுக்கு அமைந்த தோணி பிறனொருவனுக்குச் செவ்வனே பொருந்துதல் அரிது. நீர் புகாத தோற்சட்டையை அணிந்து, அதன் கீழ்விளிம்பை இருக்கைக் குழியின் வளையத்தோடு இறுகக் கட்டிக்கொண்டு அவர்கள் கடலிற் சென்றனர். கவிழ்ந்துவிட்டால் தோணியை விட்டு வெளியேறாமல், துடுப்பையும் இடுப்பையும் ஒருங்கே வீசித் தலைகீழாய் இருந்த நிலையினின்றும் மீண்டெழும் வித்தையும் அவர்களுடையதே. உறைபனி நீரில் நீந்துதல் சாதலுக்கு ஒப்பாதலின், அவ்வித்தை அவர்களுக்கு விளையாட்டன்று, உயிர்ப்பிழைப்பே.

ஐரோப்பியர் இதனைப் பொழுதுபோக்காக்கிய வரலாறு நீண்டது. சிலவே இங்குக் கூறுவோம். ஸ்காத்லாந்து நாட்டு வழக்கறிஞரான ஜான் மக்கிரெகர் என்பார் 1865 ஆம் ஆண்டில் ராப் ராய் என்னும் பெயரிய, மரப்பலகையாற் செய்த சிறு தோணியில் ஐரோப்பிய ஆறுகள் பலவற்றிற் பயணஞ்செய்து, அடுத்த ஆண்டில் அதனை நூலாக வெளியிட்டார். அதன்பின்னரே பலரும் இவ்விளையாட்டில் ஈடுபடலாயினர். 1905 ஆம் ஆண்டில் மியூனிக் நகரத்துக் கட்டடக்கலை மாணவரான ஆல்பிரட் ஹாயிரிக் என்பவர் மடித்து மூட்டையாகக் கட்டக்கூடிய தோணியொன்றை அமைத்தார். அவ்வுரிமையை 1907 இல் வாங்கிய ரோசன்ஹைம் ஊர்த் தையற்காரர் ஜோகன் கிளெப்பர் அதனை வணிகப் பொருளாக்கினார். இரயிலில் மூட்டையைத் தூக்கிச்சென்று மலையாற்றின் தலையிலே விரித்து இறங்குதல் இதனாற் கைகூடிற்று. ஒரு மாணவர் தொடங்கியது இம்மாற்றம் என்பதை நம் கல்லூரி நண்பர்கள் கருதி மகிழலாம்.

இனி, தெரிவு. கடைக்குச் செல்வோர் முதலில் நிறத்தையும் விலையையும் நோக்குவர். நிறத்தை நோக்குதலைப் பழித்தற்கில்லை. மஞ்சளும் செம்மஞ்சளும் சிவப்பும் அலைநடுவே தேடுவோர் கண்ணுக்கு எளிதிற் புலப்படும். நீலமும் சாம்பலும் மறைந்துபோம். ஆயினும் அதற்கு முன்னர், எந்த நீரிற் செல்லப்போகிறோம் என்பதை ஒருவர் தமக்குத்தாமே வினவிக்கொள்ளல் வேண்டும். எல்லா நீருக்கும் ஏற்ற தோணி ஒன்று இல்லை.

அமைதியான ஏரியிலும் கழியிலும் உலவுதற்கென அமைந்தவை 9 முதல் 12 அடி வரை நீளமும் 28 அல்லது 30 அங்குல அகலமும் உடையன. கடற்பயணத்திற்குரியவை 16 முதல் 18 அடி வரை நீண்டு, 20 முதல் 24 அங்குலத்திற்குள் ஒடுங்கியிருக்கும். பாறையிடையே பாயும் மலையாற்றிற்குரியவையோ 8 அல்லது 9 அடியில் அடங்கி, இருமுனையும் மேல்நோக்கி வளைந்து, நினைத்த மாத்திரத்தில் திரும்ப வல்லன. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் உண்டு. தோணி செல்லும்பொழுது தன் முன்னும் பின்னும் ஓர் அலையை எழுப்புகின்றது. நீரைத் தொடும் நீளம் மிகுந்தால் அவ்வலையும் நீண்டு விரைவாகச் செல்லும். நீளம் குறைந்தால், தோணி தானெழுப்பிய அலையையே மலைபோல் ஏற முயன்று தளரும். நீளத்தை அடிக்கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆற் பெருக்கினால், அத்தோணி எளிதில் எய்தும் வேகவெல்லை மணிக்கு இத்தனை கடல்மைல் என்பது கிடைக்கும். நீரைத் தொடும் நீளம் 16 அடியாயின் 5.4, 9 அடியாயின் 4. குட்டைத் தோணியில் இருப்பவர் எத்துணை வலியராயினும் நெடுந்தோணியில் வரும் நண்பரை நெடுந்தூரம் தொடர மாட்டாமை இதனால் விளங்கும். கூட்டமாகச் செல்வோர் ஒத்த வகைத் தோணிகளிற் செல்லுதல் நலம்.

நிலைப்பு என்பதைப் பற்றிப் பெரும்பாலோர் தவறான கருத்து உடையவர். தட்டையான அடியுடைய தோணியில் அமர்ந்தால், திண்ணைமேல் அமர்ந்தாற்போல் அசைவின்றி இருக்கும். உருண்ட அடியுடையதில் அமர்ந்தால் உடனே தள்ளாடும். எனவே முன்னதே பாதுகாப்பானது என்று துணிவர். அசையாத நீரில் அஃது உண்மையே. ஆயின், தட்டையான அடி எப்பொழுதும் நீரின் மேற்பரப்போடு ஒட்டி நிற்க முயலும் இயல்பினது. அலை வந்து அம்மேற்பரப்பே சாயும்பொழுது தோணியும் உடன் சாய்ந்து, ஓர் எல்லைக்குமேல் எச்சரிக்கையின்றிக் கவிழும். உருண்ட அடியோ, அலை தன் கீழே புரண்டு செல்ல விட்டுவிட்டு, அமர்ந்தோனை நிமிர்ந்திருக்க இடங்கொடுக்கும். மிகச் சாய்ந்த பின்னரும் படிப்படியாகவே எதிர்த்து நிற்கும். முதல் ஐந்து நிமிடத்தில் அச்சந்தந்த தோணியே ஐந்தாம் நாளில் உற்ற துணையாதலைப் பயின்றோர் யாவரும் அறிவர். ஆகவே, ஏரியோடு நிற்போர் அகன்றதைக் கொள்க. கடலை நாடுவோர் முதல் தள்ளாட்டத்திற்கு அஞ்சித் தட்டையானதைக் கொள்ளற்க.

இவையெல்லாவற்றினும் முதன்மையானதும், விளம்பரங்களிற் சிறிதாக அச்சிடப்படுவதும் ஒன்று உண்டு. அது தோணியின் உள்ளே குறுக்காக அமைந்த தடுப்புச் சுவராகும். இருக்கைக்கு முன்னும் பின்னும் இத்தகைய சுவர் இருப்பின், கவிழ்ந்தபோது இருக்கைக் குழியில் மட்டுமே நீர் நிறையும். முன்னறையும் பின்னறையும் காற்றடைத்த பானைபோல் மிதந்து நிற்கும். மலிவான உலாத் தோணிகள் பலவற்றில் முன்சுவர் இல்லை. சிலவற்றில் இரண்டுமே இல்லை. அத்தகையதில் 150 லிட்டர் நீர் புகுந்ததெனின், அந்நீரின் எடை மட்டுமே 150 கிலோகிராம். அதனை ஆழ்நீரில் மிதந்துகொண்டு ஒருவர் கவிழ்த்து வெறுமையாக்குதல் இயலாது, இருவர்க்கும் அரிது. சுவரில்லாத தோணி ஏற்கெனவே கையில் இருக்குமாயின், முன்னும் பின்னும் காற்றுப்பைகளை அடைத்துக் கட்டுதல் வேண்டும். அதுவும் இல்லையேல், நீந்திக் கரைசேரக்கூடிய தொலைவிற்கு அப்பால் அதனைக் கொண்டுசெல்லலாகாது என்பது எமது துணிபு.

குழியின்றி மேலே அமர்ந்து செல்லும் தோணி மற்றொரு வகை. இது முற்றும் மூடப்பட்ட வெற்றுக்கூடு. மேலே விழும் நீர் அதிலுள்ள துளைகளின் வழியே தானே வடிந்துவிடும். நம் கடற்கரையிற் கட்டைகளைக் கயிற்றாற் பிணித்து அமைக்கும் கட்டுமரத்தின் கொள்கையும் இதுவே. அதிலும் நீர் தேங்க இடமில்லை. கவிழ்ந்தால் திருப்பிப்போட்டு மீண்டும் ஏறுதல் எளிது. உள்ளே அகப்பட்டுக்கொள்வோம் என்னும் அச்சமும் இல்லை. வெப்ப நாட்டில், புதிதாய்க் கற்போர்க்கு இதனினும் ஏற்றது வேறில்லை. எனினும் உடல் எப்பொழுதும் நனைந்திருத்தலாற் குளிர்நாட்டார் இதனை அத்துணை விரும்பார். காற்றடைத்துப் பயன்படுத்தும் இரப்பர்த் தோணி தூக்கிச் செல்ல எளிது. ஆனால் நீரின்மேல் உயர்ந்து மிதத்தலின், காற்று அதனைச் சருகெனத் தள்ளிக்கொண்டு போம்.

பொருளைப் பற்றி ஒரு சொல். இக்காலத்து மலிவான தோணிகள் பாலியெத்திலீன் என்னும் செயற்கைப் பொருளை அச்சிலிட்டு உருக்கிச் சுழற்றி வார்த்தவை. பாறையில் உராய்ந்தாலும் உடையா. ஆனால் எடை மிகுதி. கண்ணாடியிழைத் தோணி இலகுவானது, விரைவானது. விலையும் உடையும் இயல்பும் கூடியது. பாலியெத்திலீன் தோணியை நம் ஊர் வெயிலில் கார்மேல் இறுக்கிக் கட்டி நாள்முழுதும் விட்டுவைத்தால் அடிப்பாகம் குழிந்துவிடும். நிழலே அதற்கு மருந்து.

வாங்குமுன் தோணியில் ஒருமுறையேனும் நீரில் அமர்ந்து பார்த்தல் வேண்டும். பாதம் ஊன்றுபலகையில் பதிந்து, முழங்கால் மேல்தட்டைத் தொட்டு, இடுப்பு இருபுறமும் ஆடாது பொருந்தல் நன்று. ஆனால் வெளியேறும்போது எங்கும் சிக்கலாகாது. செய்தோர் குறித்த சுமையெல்லையைத் தொடுமாறு ஏற்றுதலும் தகாது. துடுப்பு 210 முதல் 240 சென்டிமீட்டர் வரையிற் கிடைக்கும். ஒடுங்கிய தோணிக்குக் குறுகியது, அகன்றதற்கு நீண்டது. கையால் மட்டும் இழாது, மார்பையும் முதுகையும் திருப்பி இழுப்போரே நெடும்பொழுது களைக்காமற் செல்வர்.

காப்பைப் பற்றிக் கூறுங்கால் மிதவைச் சட்டையினின்றே தொடங்கல் வேண்டும். பணம் குறைவாயின் தோணியிற் சிக்கனம் செய்க, இதிற் செய்யற்க. மனிதவுடல் நீரில் ஏறத்தாழ எடையற்றது. தலையை மேலே நிறுத்த 3 முதல் 5 கிலோகிராம் அளவு மிதப்பு விசை போதும். 50 நியூட்டன் எனக் குறிக்கப்பட்ட சட்டை அவ்வளவை அளிக்கும். அது நீந்தத் தெரிந்தவர்க்கு உரியது. உணர்விழந்தவரை முகம் மேலாகத் திருப்ப 100 நியூட்டனும் அதற்கு மேலும் உடையவை வேண்டும். வார்களைப் பூட்டியபின் தோள்பகுதியைப் பிறரொருவர் மேலே இழுக்க, அது காதுவரை ஏறுமாயின் அச்சட்டை பொருந்தவில்லை என்று கொள்க. சிலர் அதனை இருக்கைக்குப் பின்னே மடித்து வைத்து, வேண்டும்போது அணிவோம் என்பர். அமெரிக்க நாட்டுக் கடற்காவற்படை 2022 ஆம் ஆண்டிற்கு வெளியிட்ட கணக்கிலே, பொழுதுபோக்குப் படகுகளினின்று நீரில் மூழ்கி இறந்தோருள், சட்டை அணிந்தனரா என்பது தெரிந்தவர்களில் நூற்றுக்கு 85 பேர் அதனை அணியாதவர். வேண்டும்போது அணிதல் இயலாமையை இவ்வெண்ணே காட்டும்.

நீரின் குளிர்ச்சி இரண்டாவது பகை. 15 பாகை செல்சியசுக்குக் குறைந்த நீரில் திடீரென வீழ்ந்தவர் தம்மையறியாமல் மூச்சைத் திணறி இழுப்பர். அவ்வேளையில் வாய் நீரின்கீழ் இருப்பின் அதுவே முடிவு. கனடா நாட்டு மானிடோபாப் பல்கலைக்கழகத்து அறிஞர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதனை 1, 10, 1 என்னும் மூன்றெண்ணாற் கற்பிப்பர்: மூச்சு ஒருநிலைப்பட 1 நிமிடம், கைகால்கள் ஏவல் கேட்பது 10 நிமிடம், குளிரால் உணர்வு இழக்க 1 மணிநேரம். இவ்வெண்கள் உறைபனியை ஒத்த நீருக்கு உரியன. பெரும்பாலோர் கருதுவதுபோல் குளிர் உடனே கொல்வதில்லை என்பதும், முதல் நிமிடத்தைக் கடந்தவர்க்கு மீள நேரம் உண்டு என்பதும், அந்நேரம்வரை மிதக்கச் சட்டை வேண்டும் என்பதும் இதனாற் பெறப்படும். நம் கடலில் இவ்வச்சம் இல்லை. ஆயினும் மேல்நாடுகளிற் கல்வி கற்கச் செல்லும் நம் மாணவர், வெயில் எறிக்கும் வசந்தகாலத்தில் நீர் இன்னும் பனிக்காலத்தைவிட்டு நீங்கவில்லை என்பதை மறவாதிருக்க வேண்டும். காற்றுக்கேற்ப அன்று, நீருக்கேற்ப உடுத்தல் வேண்டும்.

மூன்றாவது பகை, கரையினின்று கடல்நோக்கி வீசும் காற்று. இதுவே மிகக் கொடியது. ஏனெனிற் கரையில் நிற்போர்க்குக் கடல் அமைதியாய்த் தோன்றும். வெளியே செல்லச் செல்ல அலை வளரும். திரும்ப நினைக்கும்போது காற்று எதிர்முகமாகும். 1993 மார்ச் 22 ஆம் நாள் இங்கிலாந்தின் தென்கரையில் லைம் குடாவில் நிகழ்ந்ததை நாம் சிறிது விரித்துக் கூறுவோம். பிளிமத் நகரத்துப் பள்ளியொன்றின் மாணவர் 8 பேர், ஆசிரியர் ஒருவர், பயிற்சிநிலையத்தார் அனுப்பிய பயிற்சியாளர் இருவர் ஆகப் பதினொருவர் லைம் ரீஜிஸ் என்னும் ஊரினின்று சார்மத் என்னும் அடுத்த ஊர்க்குக் கரையோரமாகக் கயாக்கிற் புறப்பட்டனர். தொலைவு ஏறத்தாழ இரண்டு மைல். சிறிது நேரத்தில் ஆசிரியரின் தோணி மீண்டும் மீண்டும் கவிழலாயிற்று. பயிற்சியாளருள் ஒருவர் அவருக்கு உதவி நின்றார். மற்றவர் மாணவரையெல்லாம் தோணிகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்துக்கொள்ளச் செய்தார். அங்ஙனம் இருந்தபோது காற்று அவர்களைக் கடலுக்குள் தள்ளிற்று; தோணிகளில் நீர் நிறைந்தது; ஒவ்வொருவராகக் குளிர்நீரில் வீழ்ந்தனர். உதவி அழைக்க ஒளிவெடி இல்லை. குறித்த நேரத்தில் அவர்கள் வந்துசேராமை அறிந்தும் கரையிலுள்ளோர் கடற்காவலர்க்கு உடனே அறிவிக்கவில்லை. பல மணிநேரம் கழித்து மீட்கப்பட்டோருள் மாணவர் நால்வர் உயிர்நீத்தனர்.

அப்பயிற்சியாளர்க்கு இவ்விளையாட்டில் மிகத் தொடக்கநிலைத் தகுதியே இருந்தது. அந்நிலையத்தின் காப்புக் குறைகளைக் குறித்து முன்னரே அங்குப் பணிபுரிந்தோர் எழுத்துமூலம் எச்சரித்திருந்தனர் என்பதும் விசாரணையில் வெளிப்பட்டது. 1994 ஆம் ஆண்டில் அந்நிறுவனமும் அதன் தலைவரும் கவனக்குறைவாற் கொலைபுரிந்த குற்றத்திற்கு ஆளாயினர். இங்கிலாந்தில் ஒரு நிறுவனம் அக்குற்றத்திற்குத் தண்டிக்கப்பட்டது அதுவே முதன்முறை. இளைஞரைக் கொண்டுசெல்லும் இத்தகைய நிலையங்கள் உரிமம் பெறல் வேண்டும் என்னும் சட்டம் 1995 இற் பிறந்தது. வாடகைத் தோணியிடத்தில் இறங்கும் நம் மாணவர் இங்கே கேட்க வேண்டிய வினாக்கள் இதனாலே தெளிவாகும்: எம்மோடு வருபவர் யாரிடம் பயின்றவர்? காற்று எத்திசையினின்று வீசுகின்றது? நாம் வராவிட்டால் எத்தனை மணிக்கு, யாருக்கு, யார் சொல்வர்? விடை கூறத் தயங்குவோரிடம் பணத்தைத் திரும்பப் பெற்று வருதல் நாணத்திற்குரியதன்று.

சோழமண்டலக் கரையில் இவ்வுண்மைக்குத் தனிப் பொருத்தம் உண்டு. ஆனி, ஆடி மாதங்களிற் காலைப்பொழுதிற் கோடைக்காற்று நிலத்தினின்று கடல்நோக்கி வீசும். பகற்பொழுதில் கடற்காற்றாகிய கொண்டல் எழுந்த பின்னரே திசை மாறும். பாய்விரித்த கட்டுமரத்தார் முன்னதனாற் சென்று பின்னதனால் மீள்வது தொன்றுதொட்ட வழக்கம். பாயில்லாத சிறு தோணியிற் புதியவர் அக்காலைக் காற்றிற் புறப்படுதல் ஆகாது. கொண்டல் பிந்துமாயின் அவர் செய்யத்தக்கது யாதுமில்லை. எந்நீரிலாயினும், காற்று மணிக்கு 10 கடல்மைலைக் கடந்து எங்கும் வெண்ணுரை தோன்றுமாயின், கற்போர் கரையில் இருத்தலே தக்கது. புதியவர் துடுப்பிட்டுச் செல்லும் வேகம் மணிக்கு 3 கடல்மைலை அரிதாகவே கடக்கும்.

ஆற்றிற் செல்வோர்க்குக் காற்றினும் கொடியது தடுப்பணை. மேலிருந்து வருவோர்க்கு அது நீரின்மேல் ஒரு நேர்கோடாகவே தோன்றும். அதன் அடியில் நீர் கீழ்நோக்கி வீழ்ந்து மீண்டும் அணைநோக்கியே சுழல்வதால், அகப்பட்டவரை விடாது. ஓசை கேட்டவுடன் கரையேறித் தோணியைத் தூக்கிச் செல்க. வீழ்ந்து கிடக்கும் மரக்கிளைகளும் நீரை வடிகட்டி மனிதரைப் பிடித்துக்கொள்ளும். ஓடுநீரில் வீழ்ந்தவர் எழுந்து நிற்க முயலலாகாது. பாறையிடுக்கிற் கால் சிக்கின் நீர் அவரை முன்னே சாய்த்து அமிழ்த்திவிடும். மல்லாந்து, கால்களை முன்னிட்டு மிதந்து, அமைதியான ஓரத்தை நாடுக.

கவிழ்தலைக் கரையருகே, இடுப்பளவு நீரில், துணைவர் ஒருவர் நிற்க, வேண்டுமென்றே பழகல் வேண்டும். இருக்கைக் குழியை மூடும் துணிப்பாவாடையின் முன்வார் வெளியே தொங்குகின்றதா என்று ஒவ்வொரு முறையும் தொட்டுப் பார்த்தே புறப்படுக. தலைகீழாய் இருக்கையில் அதனை முன்னே இழுத்துக் கழற்றி, விளிம்பில் இருகைகளையும் ஊன்றித் தள்ளினால் உடல் எளிதில் வெளிவரும். தோணியை விடலாகாது, அது மிதக்கும், தேடுவோர்க்குத் தெரியும். துணைவர் வந்து, கவிழ்ந்த தோணியின் அணியத்தைத் தம் மேல்தட்டின்மீது ஏற்றினால், பின்தடுப்புச் சுவர் இருக்கும் தோணியினின்று நீர் தானே வடிந்துவிடும். பின்னர் அதனைத் திருப்பி, இரு தோணிகளையும் பக்கம்பக்கமாய்ப் பிடித்துக்கொள்ள, வீழ்ந்தவர் பின்தட்டின்மேல் வயிறுபடியப் படுத்து, கால்களை முதலிற் குழியில் நுழைத்து, மெல்லத் திரும்பி அமர்வார். பழகியோர் இதனை இரண்டு நிமிடத்தில் முடிப்பர். பழகாதோர் அலைநடுவில் முதன்முதல் முயன்றால் முடியாது.

துணைவர் இல்லாதபோது என் செய்வது? துடுப்பின் ஒருமுனையிற் காற்றுப்பையைக் கட்டித் தாங்குகோலாக்கி ஏறும் முறையொன்று உண்டு. எனினும் தனியே செல்லுதலை நாம் ஊக்க மாட்டோம். கிரீன்லாந்தின் கீழ்க்கரையில் 1930-31 ஆம் ஆண்டுகளில் வானவழி ஆராய்ச்சிக் குழுவை நடத்திய ஜினோ வாட்கின்ஸ் என்னும் ஆங்கிலேயர், கவிழ்ந்தெழும் வித்தையை அந்நாட்டு வேடரிடமே கற்றுத் தேர்ந்தவர். அவர் 1932 ஆகஸ்டு 20 ஆம் நாள் தனியே கடல்நாய் வேட்டைக்குச் சென்றார். பின்னர் அவருடைய தோணி வெறுமையாய் மிதக்கக் கண்டனர், உடல் கிடைக்கவேயில்லை. அவருக்கு அப்போது வயது 25.

உடன்கொண்டு செல்வன பலவாக வேண்டா. சட்டையிற் கட்டிய ஊதல், நீரிறைக்கும் கைப்பம்பு, குடிநீர், தொப்பி, நீர்புகா உறையிலிட்டு உடலோடு பிணித்த தொலைபேசி ஆகியன போதும். தொலைபேசி தோணியில் இருந்து, அதன் உடையவர் நீரில் இருப்பின் பயனில்லை. மதுவருந்தியவரைத் தோணியில் ஏற்றலாகாது. இடியோசை கேட்பின் உடனே கரையேறுக. இந்தியக் கடலில் இடர்ப்பட்டோர் கடலோரக் காவற்படையை 1554 என்னும் எண்ணில் அழைக்கலாம்.

புறப்படுமுன் கரையில் நம்பத்தக்க ஒருவரிடம் சீட்டொன்று எழுதிக்கொடுத்தல் வேண்டும். அதிற் செல்வோர் பெயரும், தோணிகளின் எண்ணும் நிறமும், இறங்குமிடமும் ஏறுமிடமும், திரும்பும் நேரமும், அந்நேரம் கடந்தால் எத்தனை நிமிடம் பொறுத்து யாரை அழைப்பது என்பதும் இருத்தல் வேண்டும். மீண்டு வந்தவுடன் அவரிடம் சென்று வந்துவிட்டோம் என்று தெரிவித்து அச்சீட்டைத் திரும்பப் பெறுக. மறந்து விடுதிக்குச் சென்று உறங்கிவிட்டால், இல்லாதவரைத் தேடிக் காவலர் இரவெல்லாம் கடலில் அலைவர்.